‘குஞ்சு’ என்னும் அன்புப் பெயர்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பேரப்பிள்ளைகளை முதியோர் அழைக்கும் சொற்களுள் ‘குஞ்சு’ என்பது ஒன்று. “என்ரை குஞ்சு” என்னும் அழைப்பு ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி இருபாலார்க்கும் வழங்கும். இதனைக் கொச்சையென்று தள்ளுவாரும் உளர். பறவையின் இளமைப் பெயரை மக்கட்கு வழங்குதல் மரபன்று என்பது அவர் கூறும் காரணம். அக்காரணம் வலியுடையதன்று.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதினைக் கூறி, அவற்றுள் மக்கட்கு உரியவை குழவியும் மகவும் ஆகிய இரண்டுமே என வரையறுக்கின்றது. ‘பிள்ளை’ என்பது ஆண்டுப் பறப்பவற்றிற்கும் தவழ்பவற்றிற்கும் உரிய பெயர். கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்னும் வழக்குகள் இன்றும் அதற்குச் சான்றாய் உள்ளன. ஆயினும் அச்சொல் காலப்போக்கில் மக்கட்கே சிறந்துரிமை பூண்டது. பிள்ளைத்தமிழ் என ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. பெரியோர் பெயரீற்றில் மதிப்புச் சொல்லாகவும் நின்றது. விலங்கின் இளமையைக் குறித்த ‘குட்டி’ என்பதன் வழிவந்த ‘சிறுக்குட்டன்’ என்னும் பெயராற் பெரியாழ்வார் கண்ணனையே அழைத்தார். இவற்றை ஏற்பவர் ‘குஞ்சு’ ஒன்றனை மட்டும் இழிவழக்கென ஒதுக்குதல் நடுநிலையாகாது. மரபியல் கூறிய ஒன்பதினுள் இச்சொல் இல்லை என்பது மெய்யே; பிற்கால வழக்கு என்பதற்கு அது சான்றாகலாம், இழிவழக்கு என்பதற்கன்று.

சொல்லின் பொருளை நோக்குமிடத்து, ‘பறவையின் இளமை’ என்பதனோடு அமைதல் போதாது. மலையாளத்தில் இதன் இனச்சொல்லாகிய ‘குஞ்ஞு’ குழந்தையைக் குறிப்பதோடு, ‘சிறிய’ என்னும் அடையாகவும் வரும். தமிழில் மஞ்சள், கஞ்சி என வழங்குவன அம்மொழியில் மஞ்ஞள், கஞ்ஞி என நிற்றலின், இவ்வொலித்திரிபு இயல்பானதே. தாயின் தங்கையை அங்குக் ‘குஞ்ஞம்ம’ என்பாரும் உளர். யாழ்ப்பாணத்திலோ தந்தையின் தம்பி ‘குஞ்சியப்பு’. தாயின் தங்கை ‘குஞ்சியாச்சி’ அல்லது ‘குஞ்சம்மா’. சிறிய தந்தை, சிறிய தாய் என்பனவே இவற்றின் பொருள். ஆடவர் தலைமயிரைக் குறிக்கும் ‘குஞ்சி’ வேறு சொல். அதனை இங்குக் கொணர்ந்து குடுமியோடு பொருத்த முயல்வது வீண்முயற்சியாகும்.

தமிழகத்திற் சில இடங்களில் ‘குஞ்சு’ என்பதற்கு இடக்கரான பொருளொன்றும் உண்டு. அதனால் அவ்விடத்தார் ஈழத்தவர் பேச்சைக் கேட்டு நகைப்பதும் நிகழும். நகைப்பவர் தம் ஊர் வழக்கைத் தமிழ் முழுவதற்கும் அளவுகோலாக்குகின்றனர் என்பதன்றி வேறில்லை.

இச்சொல்லின் வழக்கில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. “குஞ்சு, இஞ்சை வாங்கோ”, “குஞ்சு, சாப்பிடுங்கோ” எனச் சிறுமைப் பொருள்தரும் பெயரோடு உயர்வுப் பன்மை வினை வந்து முடியும். தமிழிலக்கணம் கூறும் திணைபால் வழுவமைதியுள் உவப்பினால் வருவது இதற்கு இனமாகும். அதே முதியோர் குழந்தையை “அப்பு” என்றும் “அம்மா” என்றும் தம் பெற்றோரின் முறைப்பெயராலும் அழைப்பர். ஒன்று குழந்தையைக் கைக்குள் அடங்கும் சிற்றுயிராக்குகின்றது; மற்றொன்று குலத்து மூத்தோராக்குகின்றது. ஒரே வாய் ஒரே பொழுதில் இரண்டையும் சொல்லும்.

விளிப்பெயர் இன்னும் வாழ்கின்றது. அதனடியாகப் பிறந்த முறைப்பெயர்களோ தேய்ந்துவிட்டன. தந்தையை அப்பு என்றும் தாயை ஆச்சி என்றும் அழைத்த தலைமுறை கழிந்து, அவ்விடத்தில் அப்பாவும் அம்மாவும் வந்தபின், குஞ்சியப்புவுக்கும் குஞ்சியாச்சிக்கும் பற்றுக்கோடு இல்லாதொழிந்தது. சித்தப்பாவும் சித்தியும் அவ்விடத்தைக் கொண்டனர். 1983ஆம் ஆண்டின் பின் பெருகிய புலப்பெயர்வினால் வேற்று நாடுகளிற் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ‘அங்கிள்’ என்னும் ஒரு சொல்லே போதியதாகின்றது. அதில் தந்தையின் தம்பியும் அடுத்த வீட்டாரும் வேறுபாடின்றி அடங்குவர்.

சிலர்க்குக் குழந்தைப் பருவத்து விளிப்பெயரே வாழ்நாட் பெயராய் ஒட்டிவிடும். நரைத்தபின்னும் அவரைக் குஞ்சு என்றழைக்க மூத்த சகோதரி ஒருத்தியேனும் இருப்பாள். அவளும் மறைந்தபின், நாளிதழின் மரண அறிவித்தலில், பதிவுப் பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் அப்பெயர் இறுதியாக ஒருமுறை அச்சாகும்.