டிராமைக் கொன்றது பஸ்தானா?

சென்னை டிராம் வண்டியைப் பற்றி எழுதுபவர்கள் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: டிராம் பழையது, பஸ் புதியது, ஆகவே டிராம் போயிற்று. மல்லசமுத்திரத்தில் படிக்கும் மாணவன் டிராமைக் கண்ணால் கண்டதில்லை. அவன் இதை நம்பிவிடுவான். ஆனால் இந்த விளக்கம் சோதனைக்கு நிற்காது.

1895-இல் சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியபோது மின்சாரம் தலைக்கு மேலிருந்து வரவில்லை. தண்டவாளங்களுக்கிடையே ஒரு பிளவு. அதன் கீழே கால்வாய் போன்ற குழியில் மின்கம்பி. வண்டியிலிருந்து இறங்கிய தொடுமுனை அதைத் தொட்டுச் சென்றது. பார்வைக்கு அழகான ஏற்பாடுதான்! ஐப்பசி மழையில் சென்னைத் தெருக்கள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். குழியில் நீர் புகுந்தால் மின்சாரம் கசியாதா? பின்னர் மேல்கம்பிக்கு மாறினார்கள். மின்னோட்டம் கம்பியிலிருந்து மோட்டாருக்கு வந்து, சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கித் திரும்பும். 1953 ஏப்ரலில் டிராம் ஓட்டம் நின்றது.

அதே நகரில் 1931-இல் தென்னிந்திய இரயில்வே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்சார ரயில் விட்டது. டிராமில் இருந்ததும் நேர்மின்னோட்ட மோட்டார்தான். அந்த மீட்டர் பாதையில் மின்வண்டிகள் 2004 வரை ஓடின. எனவே குற்றம் மின் தொழில்நுட்பத்தில் இல்லை. ரயிலுக்குத் தனிப்பாதை இருந்தது. டிராமோ மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊர்ந்தது. இன்னொன்றும் உண்டு: டிராம் ஒரு தனி நிறுவனத்தின் சொத்து. பயணச்சீட்டுக் காசு வந்தால்தான் பிழைப்பு.

டிராமை இரயில்வேயே நடத்தினால்? அயர்லாந்தில் டப்ளின் அருகே ஹவுத் குன்றில் கிரேட் நார்தர்ன் இரயில்வே 1901-இல் அமைத்த மின்டிராம், சட்டன், ஹவுத் என்ற இரு ரயில் நிலையங்களைக் குன்றின் மேலாக இணைத்தது. தண்டவாள அகலம்கூட அந்நாட்டு ரயில்பாதையின் அகலமே. பத்தே வண்டிகள், மாடியுடன் கூடியவை. டிராமில் வந்தவர் ரயிலேறினால் அந்தக் கட்டணமும் அதே முதலாளிக்குத்தானே! சென்னை டிராம் நின்று ஆறாண்டுகள் கழித்து, 1959 மே 31 வரை அது ஓடிற்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாதை அரசுப் போக்குவரத்து நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. அந்நிறுவனம் டிராமை நீக்கிப் பஸ் விட்டது.

உடைமை ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. குன்றின் ஆளில்லாச் சரிவில் ஓடிய பத்து வண்டிகளைச் சென்னை நெரிசலோடு அப்படியே ஒப்பிடுவது சரியல்ல. ஆயினும் பாதை யாருடையது, வரவு யாருக்கு என்று கேட்காமல் பஸ்மீது பழி போடுவது வரலாறு ஆகாது. ஹவுத் வண்டிகளில் நான்கு இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்று கலிபோர்னியாவுக்கே போய்ச் சேர்ந்தது.