ஜியோஜீப்ரா: டேப்பரின் சாய்வைக் கண்ணில் காட்டும் செயலி

ஓசூர் சிப்காட்டில் வி.எம்.சி. எந்திரம் ஓட்டுபவர்கள் தினமும் கையில் எடுக்கும் பி.டி. 40 டூல் ஹோல்டரின் கூம்புப் பக்கம் ஒரு நேர்கோடு. 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. சிறுக்கும். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலுக்கு இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஜியோஜீப்ராவின் கிராஃபிங் கால்குலேட்டர் செயலியை இதை வைத்தே சோதித்தேன். நம் பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாடுகளிலும் இதே ஜியோஜீப்ராதான். மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் தொடங்கியது. மாணவர்களுக்கு இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும்.

விட்டத்தில் 7 என்றால் ஆரத்தில் மூன்றரை; 24-க்கு மூன்றரை என்றால் 48-க்கு 7. நீளத்தை எக்ஸ், ஆரத்தை ஒய் என்று கொண்டால், எக்ஸின் கெழு 7, ஒய்யின் கெழு −48, கூடவே ஒரு மாறிலி. இந்த மூன்று உறுப்புகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம். எக்ஸின் கெழுவை ஒய்யின் கெழுவால் வகுத்து முன்னால் கழித்தல் குறி போட்டால் சாய்வு 7/48. இரண்டு கழித்தல் குறிகள் ஒன்றையொன்று அடிக்கும் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள். செயலியில் சாய்வுக் கருவியைத் தொட்டதும் அடிப்பக்கம் 1 கொண்ட முக்கோணம் கோட்டின் மேல் வருகிறது. அது மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்த்தாலே குறி தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மாறிலிக்கான ஸ்லைடர். இயல்பாக −5 முதல் 5 வரைதான் ஓடும், எல்லையை நாமே விரிக்க வேண்டும். 762 வைத்தால் பி.டி. 30-இன் கோடு, 1066.8 வைத்தால் 40, 1676.4 வைத்தால் 50. ஹோல்டர் பெருக்கிறது, கோடு இணையாக மேலே நகர்கிறது, சாய்வு துளியும் அசையவில்லை. மாறிலிக்குச் சாய்வில் பங்கில்லை என்பதைக் கரும்பலகையில் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

குறையும் பெரியதுதான். திரையில் வருவது 0.15. உண்மையான மதிப்பு 0.1458. இந்த வித்தியாசம் 60 மி.மீ. நீளத்தில் ஆரத்தைக் கால் மி.மீ. தள்ளிவிடும், மைக்ரான் கணக்கில் பேசும் ஷாப் ஃப்ளோரில் அந்த ஹோல்டர் ஸ்பிண்டிலில் உட்காராது. அமைப்புகளுக்குப் போய்த் தசம இடங்களை முதலிலேயே கூட்டிவிடுங்கள். தேர்வுத்தாளுக்குப் பின்னமாகவே எழுதுங்கள். அச்சுகளில் ஒன்றை மட்டும் இழுத்தால் கோட்டின் சரிவு மாறியதுபோலத் தோன்றும், ஆனால் சாய்வு மாறியிருக்காது. எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ படித்துவிட்டு எல்லை தாண்டி பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிஎன்சி லேத்தில் புரோகிராம் போடும்போது மட்டும் கவனம் வேண்டும்: அங்கே பொதுவாக எக்ஸ் என்பது விட்டம், நீளம் இசட். செயலி தந்த 7/48-ஐ இரட்டித்து 7/24 ஆக்கிய பிறகே அங்கே பயன்படுத்த வேண்டும்.