இரண்டு அணில்களும் ஒரு பந்தும்

தொண்ணூறுகளில் கோவையில் ‘டிவி கேம்’ என்றால் பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிதான். டிவியின் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரைச் சொருக வேண்டும். மேலே மஞ்சள் நிறக் கேசட்டை வைத்து அழுத்த வேண்டும். ஒரே கேசட்டில் ஏராளமான விளையாட்டுகள் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் நாலைந்துதான் திரும்பத் திரும்ப வரும். மரியோவையும் கான்ட்ராவையும் எல்லோருக்கும் தெரியும். கோடை விடுமுறைக்கு அப்புச்சி வீட்டில் கூடிய பிள்ளைகள் அவற்றுக்கு அடுத்தபடியாகச் சண்டை போட்டுக் கேட்டது ‘சிப் அண்ட் டேல்’. இத்தனை ஆண்டுகள் கழித்து அதை நிதானமாக எடைபோட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்ட்டூனை வைத்துச் செய்த விளையாட்டுகளில் இருவர் சேர்ந்து ஆடுவதற்கு இந்த அளவு உயிர் கொடுத்தவை குறைவு. அதே கார்ட்டூனின் மிக நல்ல பாத்திரத்தை இந்த அளவு வீணாக்கியவையும் குறைவு.

மூலம் டிஸ்னியின் 1989ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடர். சிப், டேல் என்ற இரண்டு கோடு போட்ட அணில்கள், மான்டரி ஜாக் என்ற சீஸ் பைத்தியம் பிடித்த எலி, ஸிப்பர் என்ற ஈ, கேட்ஜெட் என்ற பெண் எலி ஆகிய ஐவரும் சேர்ந்து துப்பறியும் குழு. காப்காம் நிறுவனம் அதை 1990இல் விளையாட்டாக்கியது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தியில் வந்த டக்டேல்ஸையும் டேல்ஸ்பினையும் மொழி புரியாமலே பார்த்தவர்கள் நாங்கள். இந்தத் தொடரையோ எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. திரையில் வரும் ஆங்கில வசனங்களைப் பொத்தானை அழுத்தித் தள்ளிவிட்டுத்தான் ஆடினோம். அப்படியும் அந்த விளையாட்டு எங்களுக்குப் புரிந்தது. அதன் முதல் வலிமை இதுதான்: தன் உலகத்தை அது சொல்லால் விளக்குவதில்லை. தண்ணீர் கொட்டும் குழாய், அதன் மேல் ஒரு திருகு. திருகின் மேல் குதித்தால் தண்ணீர் நிற்கிறது. மின்கம்பி ஓர் அணிலுக்கு நடைபாதை ஆகிறது. ஓர் ஆப்பிள் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் கண் இருந்தால் நம் வீடும் தெருவும் எப்படித் தெரியுமோ, அப்படி ஒவ்வொரு கட்டமும் வரையப்பட்டிருக்கிறது.

சிப்பும் டேலும் எதிரியைச் சுடுவதில்லை, மிதிப்பதுமில்லை. வழியில் கிடக்கும் பெட்டியைத் தூக்கி எறிவார்கள். நேராக எறியலாம், தலைக்கு மேலும் எறியலாம். மரப்பெட்டியைச் சுமந்தபடி குனிந்தால் அணில் அதற்குள் மறைந்துகொள்ளும். வந்து மோதுகிற எதிரி தானாக அடிபடுவான். ஆப்பிள் கனமானது, அதைச் சுமந்தால் துள்ளல் குறைந்துவிடும். விதிகள் இவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளைக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆனால் தூக்கி எறியக்கூடிய பொருட்களோடு காப்காம் இன்னொன்றையும் சேர்த்தது: கூட ஆடுகிறவர்.

சிப்பை டேல் தூக்கலாம், டேலைச் சிப் தூக்கலாம், தூக்கியபின் எறியலாம். உயரமான மேட்டில் ஏறத் தெரியாமல் தவிக்கும் சின்னத் தம்பியைத் தூக்கி மேலே போடலாம். கோபம் வந்தால் அதே தம்பியைப் பள்ளத்திலும் போடலாம். தவறுதலாகப் பெட்டியை அவன்மேல் எறிந்துவிட்டால் அவன் கொஞ்ச நேரம் தலைசுற்றி நிற்பான், உயிர் போகாது. ‘டேய் மாப்ள, என்னைய எறியாதடா, நானே தாண்டிக்கறேன்’ என்ற கூச்சல் கேட்காமல் இந்த விளையாட்டை இருவர் ஆடி நான் பார்த்ததில்லை.

கான்ட்ராவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அதிலும் இருவர் ஆடலாம். ஆனால் ஒருவரின் குண்டு மற்றவரை ஊடுருவிப் போய்விடும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறார்களே தவிர ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. சிப் அண்ட் டேலில் தொடுகை உண்டு. அதனால் பொறுப்பும் வந்துவிடுகிறது. உன்னால் எனக்குக் கெடுதல் செய்ய முடியும், செய்யாமல் இருக்கிறாய் என்பதை நான் ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கெடுதல் செய்யவே வழியில்லாத இடத்தில் ஒற்றுமைக்கு மதிப்பு ஏது? மாமன் மகன், சித்தி மகள், பங்காளி வீட்டுப் பையன் என்று எட்டுப் பத்துப் பிள்ளைகள் ஒரே டிவி முன்னால் உட்காரும் வீட்டில் இது பெரிய விஷயம். யாரோடு சேர்ந்தால் கடைசிவரை போகலாம், யார் பாதியில் பள்ளத்தில் போடுவார் என்பது ஒரு மதியத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தத் தன்மையின் உச்சம் கட்ட முடிவில் வரும் பெரிய எதிரிகளோடு நடக்கும் சண்டை. அந்த அறையில் கிடப்பது ஒரே ஒரு சிவப்புப் பந்து. ஒருவர் ஆடினாலும் ஒன்றுதான், இருவர் ஆடினாலும் ஒன்றுதான். பந்தை எடுத்தவர் எதிரிமேல் எறிய வேண்டும், அது திரும்பி விழும் இடத்தில் யாராவது பிடித்து மறுபடி எறிய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பந்துக்கு ஓடினால் இருவரும் எதிரியிடம் அடி வாங்குவார்கள். அவசரப்பட்டு எறிந்தால் பந்து கூட்டாளிமேல் பட்டு அவர் சுருண்டு நிற்பார், அந்த இடைவெளியில் எதிரி அவரைத் தாக்குவான். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகள் அறையைப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்: இந்தப் பக்கம் விழுந்தால் உனக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் எனக்கு. விளையாட்டு இந்தப் பங்கீட்டைச் சொல்லித் தருவதில்லை. பந்தை ஒன்றாக்கிவிட்டுச் சும்மா இருக்கிறது, மிச்சத்தை ஆடுகிறவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். கூட்டாக ஆடும் விளையாட்டை வடிவமைக்கும் எவரும் இந்த ஓர் அறையை உட்கார்ந்து படிக்கலாம்.

என் முதல் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. அறையில் செய்ததை வழியில் செய்யவில்லை. கட்டங்களின் பெரும்பகுதியில் இரண்டாவது அணில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இருவர் சேர்ந்தால் மட்டும் திறக்கும் கதவு எதுவும் இல்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கடக்கும் பாலம் இல்லை. தூக்கி எறியும் அருமையான வித்தையைக் கொடுத்துவிட்டு, அதை நல்லதுக்குப் பயன்படுத்த வேண்டிய கட்டாயத்தை ஓரிடத்திலும் வைக்கவில்லை. அதனால் கூட்டாளியைத் தூக்குவது பெரும்பாலும் குறும்பாகவே முடிந்துவிடுகிறது. சிப்புக்கும் டேலுக்கும் வித்தியாசமும் கிடையாது. கார்ட்டூனில் சிப் திட்டம் போடுகிறவன், டேல் யோசிக்காமல் பாய்கிறவன். அவர்களின் உறவே அந்த உரசலில்தான் இருக்கிறது. விளையாட்டில் இருவரும் ஒரே வேகம், ஒரே துள்ளல், ஒரே பலம். சிப்பின் தொப்பியை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை டயனோரா டிவியில் அதுவும் சிரமம்.

மிகவும் சுலபமான விளையாட்டு என்று பலர் குறை சொல்வார்கள். அதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆளுக்கு மூன்று இதயம் கிடைக்கிறது, எதிரிகளும் அவ்வளவு கொடுமைக்காரர்கள் இல்லை. பழகியவர்கள் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். ஆனால் இந்தச் சுலபம்தான் பன்னிரண்டு வயதுப் பையனையும் ஆறு வயதுத் தங்கையையும் ஒரே திரையில் உட்கார வைத்தது. கடினமான விளையாட்டில் சின்னவர் உடனே சுமையாகிவிடுவார், பெரியவர் அவர் கையிலிருந்து பொத்தான் பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார். இங்கே சின்னவர் தப்புச் செய்துகொண்டே கூட வரலாம். இதில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வழியும் கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்துதான். நினைத்த நேரத்தில் மின்சாரம் போகும் ஊரில், ஒரு மதியத்துக்குள் முடிந்துவிடும் நீளம் வரம்தான்.

அந்தச் சின்னவரின் நிலைமையில் இன்னொரு சிக்கல் உண்டு, அதற்குக் காரணம் பெட்டி. ஃபேமிகாமில் இரண்டாவது ஆளின் கைப்பிடியில் தொடங்கும் பொத்தானும் தேர்வுப் பொத்தானும் இல்லை. நகல் பெட்டிகளில் பெரும்பாலானவையும் அதையே பின்பற்றின. ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் முதல் கைப்பிடிக்கே. அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போவது என்று ஒரு வரைபடம் கேட்கும், சில கட்டங்களைத் தாண்டியும் போகலாம். இருவரும் பேசி முடிவெடுக்க அருமையான இடம் அது. ஆனால் எங்கள் வீடுகளில் அதை முடிவு செய்தது வயதில் மூத்த பையன். இரண்டாவது கைப்பிடி பெண் பிள்ளைகளுக்கும் கடைக்குட்டிகளுக்கும் என்று எழுதாத சட்டம் இருந்தது. இதற்கு விளையாட்டைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் கட்டத்துக்குக் கட்டம் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால், அந்தச் சட்டத்தில் ஒரு விரிசலாவது விழுந்திருக்கும்.

எனக்கு மிகவும் வலிக்கிற குறை கேட்ஜெட்தான். கார்ட்டூனில் அந்தக் குழுவின் மூளை அவள். பயன்படாத பொருட்களை எடுத்து வண்டி செய்வாள், கருவி செய்வாள். காலி ப்ளீச் பாட்டிலை உடலாக வைத்து அவள் செய்த விமானத்தில்தான் ஐவரும் பறப்பார்கள். விளையாட்டில் மான்டரி ஜாக் வந்து சுவரை உடைத்து வழி செய்கிறான். ஸிப்பர் வந்து கொஞ்ச நேரத்துக்கு எந்த அடியும் படாமல் காக்கிறது. கேட்ஜெட்டை மட்டும் ஃபேட் கேட் என்ற வில்லன் பூனை கடத்திக்கொண்டு போய்விடுகிறது, இரண்டு ஆண் அணில்களும் அவளை மீட்கப் போகிறார்கள். செய்யத் தெரிந்தவளை மீட்கப்பட வேண்டியவளாக மாற்றிவிட்டார்கள்.

கோவைக்காரர்களுக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளுக்கு ஓய்வு கொடுத்த வெட் கிரைண்டர் 1955இல் இங்கேதான் பிறந்தது. அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் லேத் பட்டறைகளின் வாசலில் வளர்ந்த பிள்ளைகள், பழைய பம்ப்செட்டின் பாகங்களைப் பிரித்துப் பார்த்தே கை பழகியவர்கள். அந்தக் கார்ட்டூன் குழுவில் எங்கள் ஊருக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் கேட்ஜெட். அவளை ஆட விட்டிருந்தால் விளையாட்டின் இன்னொரு குறையும் தீர்ந்திருக்கும் என்பதுதான் என் வாதம். ஒருவர் பொருட்களைச் சுமந்து வர, மற்றவர் அவற்றைச் சேர்த்து ஏணியாகவோ வண்டியாகவோ ஆக்கினால் இருவருக்கும் தனித்தனி வேலை கிடைத்திருக்கும். பெட்டி, ஆப்பிள், குழாய்த் திருகு என்று பொருள் நிறைந்த உலகத்தை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார்கள். செய்கிறவளைத்தான் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள் இந்த இடைவெளிகளில் சிலவற்றை நிரப்பினார்கள். முப்பதுகளின் கார்ட்டூன் பாணியில் வரையப்பட்ட கப்ஹெட் 2017இல் வந்தது. அதில் கூட்டாளி செத்தால் அவருடைய ஆவி மேலே போகத் தொடங்கும், மற்றவர் எம்பி அதைத் தொட்டால் உயிர் திரும்பும். 2022இல் வந்த நின்ஜா ஆமைகள் விளையாட்டான ‘ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்’இல் ஆறு பேர்வரை சேர்ந்து ஆடலாம், கையோடு கை தட்டி ஒருவர் தன் பலத்தில் கொஞ்சத்தை மற்றவருக்குக் கொடுக்கலாம். 2021இல் வந்த ‘இட் டேக்ஸ் டூ’ இன்னும் ஒரு படி மேலே போய், தனியாக ஆடவே முடியாதபடி செய்தது. இருவர் கையிலும் வெவ்வேறு கருவி, ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. உதவி என்பதைச் சிப் அண்ட் டேலைவிட இவை நன்றாகக் கட்டியிருக்கின்றன. ஆனால் இவற்றில் உதவுவதற்குத்தான் பொத்தான் இருக்கிறது. உதவவும் கெடுக்கவும் ஒரே பொத்தானைக் கொடுத்து, எது செய்வாய் என்று விட்டுவிடும் துணிச்சலை நான் பழைய விளையாட்டில்தான் பார்க்கிறேன்.

காப்காம் 2017இல் ‘டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பில் இதை மறுபடி வெளியிட்டது. நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியும் அதில் உண்டு. தனியாக ஆடுகிறவருக்கு அது உதவும். இருவர் ஆடும்போது அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பள்ளத்தில் விழுந்த அக்காவை ஒரு பொத்தானால் மேலே கொண்டுவந்துவிட்டால், தம்பி அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அடுத்த தடவை அவனை நம்பலாமா என்று அவளும் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகளோடு ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் முதல் கைப்பிடியைச் சின்னவரிடம் கொடுங்கள், வழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பெரிய எதிரியின் அறைக்குள் போகுமுன் பந்து யாருக்கு என்ற பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அவர்கள் எடுக்கும்வரை பொறுத்திருங்கள்.