டெல்லருக்கு ஒதுக்கிய தனி மூலை

1943-ல் லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தின் கோட்பாட்டுப் பிரிவுக்குத் தலைமை தனக்குத்தான் என்று இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் எதிர்பார்த்திருந்தார். இயக்குநர் ஓப்பன்ஹைமர் அதை ஹான்ஸ் பெத்தேயிடம் கொடுத்தார். டெல்லரின் மனம் அன்றே முறிந்தது.

மறுஆண்டு, கருவை நாலாபுறமும் அழுத்திக் குண்டை வெடிக்கவைக்கும் உள்வெடிப்பு முறைக்கான கணக்குகள் குவிந்தன. பொறுமையாக உட்கார்ந்து மாதக்கணக்கில் போடவேண்டியவை. பெத்தே கேட்டார், டெல்லர் மறுத்தார். அவர் நினைப்பெல்லாம் ஹைட்ரஜன் குண்டில்.

ஓப்பன்ஹைமர் அவரை வெளியேற்றவில்லை. பெத்தேயின் பிரிவிலிருந்து விடுவித்தார், சிறு குழுவோடு விரும்பிய ஆய்வைத் தொடரவிட்டார், வாரம் ஒரு மணி நேரம் தானே உட்கார்ந்து பேசினார். போரின் நடுவே அந்த ஒரு மணி நேரம் சாதாரணமானதல்ல.

அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான். டெல்லரின் கற்பனை வளம் கைநழுவவில்லை. பெத்தேயின் பிரிவில் அன்றாட உரசலும் ஓய்ந்தது. 1945 ஜூலை 16 அன்று உள்வெடிப்புக் குண்டு நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்தது. கெடுவுக்குள் வேலை முடிந்ததா என்று மட்டும் பார்ப்பவர்கள் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

ஆனால் டெல்லர் தொடாத கணக்குகளை யாரோ போட்டாக வேண்டுமே! ருடால்ஃப் பையர்ல்ஸின் பிரிட்டிஷ் குழு அவற்றை ஏற்றது. அந்தக் குழுவில் வந்தவர்களில் ஒருவர் கிளாஸ் ஃபுக்ஸ். அவர் சோவியத் உளவாளி என்பது 1950-ல்தான் வெளிப்பட்டது. அந்தத் துரோகத்தை டெல்லர் தலையில் கட்டுவது நியாயமில்லை. உறுத்துவது வேறு. மறுத்தவருக்கு இயக்குநரின் நேரம் கிடைத்தது. முகம் சுளிக்காமல் கணக்குப் போட்டவர்களுக்கு மேலும் கணக்குகளே கிடைத்தன. மேதையைச் சமாளிப்பது பற்றிப் பேசும்போது இந்த இரண்டாம் கூட்டத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று: தனி மூலை கொடுத்தது டெல்லரின் மனக்குறையை ஆற்றவில்லை. போருக்குப் பின் ஹைட்ரஜன் குண்டை அவசரமாக உருவாக்குவதை ஓப்பன்ஹைமர் 1949-ல் எதிர்த்தபோது, பழைய புண்ணோடு புதிய பகையும் சேர்ந்தது. 1954 ஏப்ரலில் ஓப்பன்ஹைமர் மீது பாதுகாப்பு விசாரணை. ஓப்பன்ஹைமர் நாட்டுக்கு விசுவாசமானவர் என்று டெல்லர் ஒப்புக்கொண்டார். ஆனால் நாட்டின் முக்கிய நலன்கள் வேறு கைகளில் இருப்பதையே விரும்புவதாகச் சாட்சி சொன்னார். ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிபோனது.

அந்தக் கோடையில் லாஸ் அலமோஸ் சென்ற டெல்லர், பழைய சகா ராபர்ட் கிறிஸ்டியிடம் கை நீட்டினார். 1945-ல் வெடித்த குண்டின் திண்மக் கருவுக்கு யோசனை சொன்னவர் கிறிஸ்டி. அவர் கை கொடுக்காமல் திரும்பி நடந்தார்.