பன்னாடை

எங்கள் தெருவில் ஒரு பையன் குரூப் 4 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் வந்து, "சார், போன்ல இடமே இல்லை. எதை அழிக்கிறதுன்னு தெரியலை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். பார்த்தேன். பதினோரு டெலிகிராம் குரூப்புகள். பி.டி.எஃப். மட்டும் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் முழுசாக ஒன்று, அதன் சுருக்கம் நான்கு, சுருக்கத்தின் சுருக்கம் இரண்டு. 'கட்டாயம் வரும் 100 கேள்விகள்' என்று ஏழு பேர் ஏழு விதமான நூறு அனுப்பியிருந்தார்கள்.

"இதுல எத்தனை படிச்சே?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாம் டவுன்லோடு பண்ணி வச்சிருக்கேன் சார்" என்றான்.

சிரிப்பு வந்தது. ஆனால், சிரிக்கிற யோக்கியதை எனக்கில்லை. என் கம்ப்யூட்டரில் 'படிக்க' என்று ஒரு ஃபோல்டர் பல வருஷமாக இருக்கிறது. அதற்குள் 'அவசியம் படிக்க' என்று இன்னொன்று. இரண்டாவதைத் திறந்தே வெகுநாளாயிற்று.

இந்த வியாதிக்கு 2008 செப்டம்பரில், ஒரே மாதத்தில், இரண்டு வைத்தியங்கள் சொல்லப்பட்டன. இரண்டும் அப்போது பிரமாதமாகப் பேசப்பட்டவை. இத்தனை வருஷம் கழித்து அவற்றை மறுபடி பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலாவது, நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் கிளே ஷர்க்கி ஆற்றிய உரை. தகவல் வெள்ளம் என்று யாரும் புலம்ப வேண்டாம் என்றார். குட்டன்பர்க் அச்சடிக்க ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே, ஒரு மனுஷன் ஆயுசில் படிக்க முடியாத அளவு புத்தகங்கள் வந்துவிட்டன. வெள்ளம் எப்போதும் இருந்தது, பழுதானது வடிகட்டிதான் என்பது அவர் கட்சி. அச்சடிக்கக் காசு செலவாகும். அதனால் பதிப்பாளர் பொறுக்கித்தான் போட்டார். இன்டர்நெட் வந்து செலவைத் துடைத்துவிட்டது. கூடவே பொறுக்குகிறவரையும். ஆகவே, புது வடிகட்டிகளைச் செய்துகொள்ளுங்கள்.

நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். மருந்தில்தான் கோளாறு. வடிகட்டியின் பிடி யார் கையில் இருக்கும் என்று அவர் போதுமான அளவு கவலைப்படவில்லை. கூகுள் ரீடர் என்று ஒன்று இருந்தது, ஞாபகமிருக்கிறதா? 2005-ல் வந்தது. எந்தெந்த எழுத்தாளர், எந்தெந்தப் பத்திரிகை என்று நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், புதிதாக வந்ததை மட்டும் வரிசையாக அடுக்கித் தரும். முக்கியமாக, படித்து முடித்தால் 'அவ்வளவுதான், வேறொன்றுமில்லை' என்று சொல்லும். 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். 2016-ல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையைத் தள்ளிவிட்டு, நமக்கு எது பிடிக்கும் என்று தாமே தீர்மானித்துக் காட்டத் தொடங்கின. வடிகட்டிகள் வந்தன, ஷர்க்கி சொன்ன மாதிரியே. ஆனால், நாம் சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாது என்பதுதான் அவற்றின் வேலை. விருந்தாளி எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் இலையில் இன்னொரு கரண்டி போடுகிற மாமி மாதிரி.

இரண்டாவது வைத்தியம் இன்னும் சுவாரஸ்யமானது. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு பாடம் நடத்தினார்கள். பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 25 பேர். வாசலைத் திறந்து விட்டதும் உலகமெங்கிலுமிருந்து இலவசமாக வந்து சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். 'மூக்' என்கிற பெயரே இதை வைத்துத்தான் பிறந்தது. அறிவு என்பது ஒருவர் மண்டைக்குள் மட்டும் இல்லை, மனிதர்களுக்கும் கருவிகளுக்கும் நடுவேயுள்ள தொடர்புகளில் இருக்கிறது. எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு அறிவு. இது சீமென்ஸின் கொள்கை. ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். மூச்சு முட்டியவர்களுக்கு ஆசிரியர்கள் சொன்ன பதில்: எல்லாவற்றையும் படிக்காதீர்கள், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பெருந்தன்மையான பரிசோதனை, சந்தேகமில்லை. பல்கலைக்கழக வாசலை இப்படித் திறந்துபோட எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆனால், வேண்டியது எது என்று தெரிந்திருந்தால் ஒருவன் ஏன் மாணவனாக வரப்போகிறான்? அதில் பங்கேற்ற ஜென்னி மேக்னஸும் இன்னும் இருவரும் 2010-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் மரியாதையாகச் சொல்கிறது. சுதந்திரமும் திறப்பும் கூடக்கூட, வழிகாட்ட ஆளில்லாமல் தடுமாறுவதும் கூடியது. நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல ஆறு. பின்னால் வந்த பெரிய மூக்குகளில் பாடம் ஒழுங்காக வரிசையில்தான் இருந்தது. அங்கேயும் கதை அதிகம் மாறவில்லை. 2012-ல் எம்.ஐ.டி.யின் முதல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்துக்குப் பதிவு செய்தவர்கள் 1,54,763. தேறியவர்கள் 7,157. பாக்கிப் பேர் எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். பெயர் கொடுப்பதும் டவுன்லோடு செய்வதும் சுலபம் என்பதே காரணங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்தப் பையன் விஷயத்துக்கு இவர்கள் இருவரையும்விட பவணந்தி முனிவர் பொருத்தமாகப் படுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணக்காரர். நன்னூலில் மாணாக்கர்களைத் தரம் பிரித்திருக்கிறார். அன்னம், பசு, மண், கிளியெல்லாம் பள்ளியில் படித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது கடைசிப் பட்டியல்: ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஆடு எந்தச் செடியையும் முழுசாகத் தின்னாது. இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். இருபத்தைந்து டேபைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நெய்யரி என்பது பன்னாடை. மட்டையடியில் வலை மாதிரி இருக்குமே, அந்த நார். அதில் நெய்யை வடிகட்டினால் நெய் ஒழுகிப் போய்விடும், கசடு தங்கிவிடும். திட்டுகிற வார்த்தையாக நாம் இன்றும் பயன்படுத்துகிற பன்னாடைக்கு இத்தனை நுட்பமான பொருள். அதாவது வடிகட்டி பழுதாகவில்லை ஷர்க்கி சார். எதைப் பிடித்துவைக்க வேண்டுமோ அதை விடுகிறது, அவ்வளவுதான்.

நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. ஒரு பாடத்தை இரண்டு தரம் கேட்டால் பிழை குறையும், மூன்று தரம் கேட்டால் முறையாக எடுத்துச் சொல்லவே வரும் என்று. நம் பையன் யூடியூப் பாடங்களை இரட்டை வேகத்தில், ஒரே ஒரு தரம் கேட்கிறான். "டயம் மிச்சம் சார்."

சிலபஸை எடுத்துவைத்துக்கொண்டோம். பள்ளிப் பாடப் புத்தகங்களின் ஒரு பிரதி, பழைய வினாத்தாள்கள். பாக்கியை அழி என்றேன். ஒவ்வொன்றாக அழித்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வீட்டுச் சாமானை ஜப்தி செய்கிற மாதிரி இருந்தது. இரண்டு குரூப்பை மட்டும் விடவே மாட்டேன் என்றுவிட்டான். "தேர்வுத் தேதி மாறினா அதுலதான் சார் முதல்ல வரும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. தொடர்பை அறுத்துக்கொள் என்று சொல்வது கட்டுரைக்கு அழகாக இருக்கும், வேலை தேடுகிறவனுக்குச் சரிப்படாது.

1945-ல் வன்னேவர் புஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். மெண்டல் 1866-ல் அச்சிட்ட பரம்பரை விதிகள், புரிந்துகொள்ளக்கூடியவர்கள் கண்ணில் படாமல் ஒரு தலைமுறைக்குத் தொலைந்துபோயின; அதே மாதிரி விபத்து அற்பமான குப்பைக்கு நடுவே இப்போதும் நம்மைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும் என்று வருத்தப்பட்டார். அதற்குத் தீர்வாக அவர் கற்பனை செய்த மேஜை அளவு இயந்திரத்தைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம்தான் நிற்கிறது.

எங்கள் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தொண்ணூறு பேர். காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங், அப்புறம் மூட்டுவலிக்கு முடக்கத்தான், அரசியல் சண்டை, மறுபடி அதே ரோஜா. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். விடுதியில் என் அறையில் மூன்று வருஷம் இருந்தவன் இறந்துபோன செய்தி அதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ரோஜா. நான் புதன்கிழமை இரவு பார்த்தேன். அவன் மகனுக்குப் போன் பண்ணினால், "நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு அங்கிள். குரூப்ல போட்டாங்களே, பார்க்கலையா?" என்றான். குற்றம் சாட்டுகிற குரலில்லை. நிஜமாகவே கேட்டான்.

இப்போது எங்களில் ஆறு பேர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். அந்த மாதிரிச் சேதி வந்தால் முதலில் பார்க்கிறவன் மற்ற ஐந்து பேருக்கும் போன் பண்ணிப் பேச வேண்டும். மெசேஜ் கூடாது. போன மாதம் அதிகாலையில் ஒருவன் கூப்பிட்டான். பதறி எடுத்தேன். "ஒண்ணுமில்லைடா, நம்பர் வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்றான்.