பிறன் மகவும் தன் பொருளும்

திருகோணமலை வாசகர்க்குப் பிள்ளை கவரப்படும் கதை புதியதன்று. இந்நகரைச் சேர்ந்த இன்னாசித்தம்பி 1891 இல் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’யில் பச்சிளங் குழவியைக் கரடியொன்று கவர்ந்து செல்கின்றது. அங்கே பழி விலங்கின்பாற்பட்டது. அமெரிக்க ஆசிரியர் எட் மக்பெயின் 1959 இல் எழுதிய ‘கிங்ஸ் றான்சம்’ என்னும் பொலிஸ் துப்பறியும் நாவலிலோ கவர்ந்தவரினும் பொருளுடையானே பெரிதும் சோதிக்கப்படுகின்றான்.

டக்ளஸ் கிங் சப்பாத்துக் கம்பனியொன்றின் மேலதிகாரி. அக்கம்பனியைத் தன்வசமாக்கும் பொருட்டுத் தன் உடைமை முழுவதையும் பணமாக்க முனைந்திருக்கின்றான். அவ்வேளையில் கயவர், அவன் மகனெனக் கருதிக் காரோட்டியின் மகனைக் கவர்ந்து, 5 இலட்சம் டொலர் கேட்கின்றனர். பிழை வெளிப்பட்ட பின்னரும் கேட்ட தொகையைக் கைவிட்டாரில்லை. கிங் கொடுக்க மறுக்கின்றான்.

இந்நாவலை வாசித்தோர் சிலர், 1956 முதல் வெளிவந்த இவ்வரிசையில் துடிப்புடன் இயங்கிய கரெல்லா முதலிய துப்பறிவோர் இதன்கண் வாளாவிருக்கின்றனர் எனக் குறை கூறுவர். அக்குறை வலியுடையதன்று. கொலை வழக்கிற் பிணம் பொலிசாருக்காகக் காத்திருக்கும். ஆட்கடத்தலிற் பொலிசாரே தொலைபேசி மணிக்காகக் காத்திருத்தல் வேண்டும்.

வேறு சிலர், இத்தகைய வன்னெஞ்சனைக் கதையின் நடுவில் நிறுத்தியது தகாது என்பர். கிங் கயவனாயின் அது பொருந்தும். அவனோ கீழ்நிலையிலிருந்து உழைத்து உயர்ந்தவன். மலிவான, தரங்குன்றிய சப்பாத்துக்களைச் செய்ய ஒருப்படாதவன். தொழிலில் நேர்மையுடைய ஒருவன் பிறன் மகவுக்காகத் தன் பொருளை இழக்க மறுப்பதே அச்சந்தருவது. மனைவி டயேன் அவனைப் பிரியவும் துணிகின்றாள். ‘யானாயிற் கொடுத்திருப்பேன்’ என விரைந்துரைக்கும் வாசகர்க்கு இழத்தற்குரிய 5 இலட்சம் கையில் இல்லை என்பதும் நினைக்கத்தக்கது.

உண்மைக் குறை முடிவிலேயே உள்ளது. கிங் பணத்தைக் கொடுக்கவுமில்லை. கொடாமையின் பயனை அனுபவிக்கவுமில்லை. கைகலப்பொன்று அவனை வினாவினின்றும் விடுவித்துவிடுகின்றது. யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இந்நாவலைத் தழுவி 1963 இல் எடுத்த படத்தில் இவ்வழி அடைக்கப்பட்டது. யொக்கோகாமாத் துறைமுக நகரை நோக்கும் மேட்டு மாளிகையில் வாழும் கொண்டோ என்பான் பணத்தைக் கொடுத்துப் பதவியையும் வீட்டையும் இழக்கின்றான். படத்தின் பிற்பாதி முழுவதும் பொலிசார் ஓயாது தேடுகின்றனர். வாளாவிருந்தனர் என்ற முறைப்பாட்டுக்கும் அங்கே இடமில்லை.

இருசாரார் கருத்துரைகளிலும் அருகியே குறிக்கப்படுபவன் காரோட்டி றெனோல்ட்ஸ். தான் ஊதியம் பெறும் மனையிலேயே நின்று, தன் மகனின் உயிருக்காக எசமானை இரந்து நிற்க வேண்டியவன் அவன். அவனுடைய நெஞ்சத்துக்கு ஆசிரியரும் சில பக்கங்களே ஒதுக்கினார்.