லோயிஸ் டங்கன் அம்மையாரின் பயங்கர நவீனங்கள்

பயங்கரக் கதை என்றதுமே அறிவுடையோர் முகஞ் சுளிப்பது வழக்கம். பேயும் பிசாசும், சுடுகாடும் நள்ளிரவும் அன்றி அதில் வேறென்ன இருக்கப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். நாமும் நெடுநாள் அவ்வெண்ணங் கொண்டிருந்தவரே. தோட்டத்துச் செக்ரோல் கணக்கை முடித்துவிட்டு ஓரிரவு பொழுதுபோக்காக எடுத்த ஓர் ஆங்கில நவீனம் அதனை மாற்றிவிட்டது. அமெரிக்க நாவலாசிரியை லோயிஸ் டங்கன் அம்மையார் (1934–2016) இளைஞர்களுக்கென 1973ஆம் ஆண்டில் எழுதிய 'போன கோடையில் நீங்கள் செய்ததை நான் அறிவேன்' என்பதே அது.

நான்கு இளைஞர்கள் இரவில் மோட்டார் காரில் வருகையில், சைக்கிளிற் சென்ற பத்து வயதுச் சிறுவன்மீது மோதிவிடுகின்றனர். காரை நிறுத்தவில்லை. நால்வருள் ஒருவன் பிறகு டெலிபோனில் ஆம்புலன்சை அழைக்கிறான். தன் பெயரைச் சொல்லவில்லை. சிறுவன் மாண்டுபோகிறான். எவரும் வாய் திறப்பதில்லை என்று நால்வரும் உறுதி செய்துகொள்கின்றனர். அடுத்த ஆண்டு, ஜூலி என்னும் பெண்ணுக்குத் தபாலில் ஒற்றை வரிக் கடிதம் ஒன்று வருகிறது. அதன்பின் கதை முழுவதும் அச்சந்தான். ஆயினும் அவ்வச்சம் துரத்துகின்றவனிடமிருந்து மட்டும் வருவதன்று. சவ அடக்கத்திற்குப் பெயரிடாது மலர் அனுப்பிய ஜூலியின் உள்ளத்தில் அது முன்னரே குடியேறியிருந்தது. பேய் ஒன்றுகூட இந்நூலில் இல்லை.

1997இல் வெளிவந்த சினிமாவோ இதனைத் தலைகீழாக்கிற்று. சிறுவனுக்குப் பதிலாக வளர்ந்த மனிதன், அவன் கையில் இரும்புக் கொக்கி, கொலைமேற் கொலை. நவீனத்தில் அந்நால்வருள் ஒருவரும் இறப்பதில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். அம்மையார் அப்படத்தைக் கண்டு மனம் நொந்தார். நொந்தது நியாயமே.

நம்மை மிகவும் வருத்திய நூல் 1978இல் வந்த 'கிரிஃபின் ஆசிரியரைக் கொல்லுதல்'. ஆங்கிலம் கற்பிக்கும் கடுமையான உபாத்தியாயர் ஒருவரை மிரட்டிப் பார்ப்போம் என்று மாணாக்கர் சிலர் கடத்திச் சென்று கட்டிப்போடுகின்றனர். நெஞ்சுநோய்க்குரிய மாத்திரை வேளைக்குக் கிட்டாமையால் அவர் இறந்துவிடுகிறார். ஆங்கிலப் பாடசாலையில் பயின்ற நமக்கு இத்தகைய உபாத்தியாயர் புதியவரல்லர். சிவப்பு மை படாத வரி நமது கட்டுரையில் ஒன்றும் இராது. அவரைத் தோழர்களோடு கூடி வைததும் உண்டு. அம்மையாரின் திறமை யாதெனில், முதலில் நம்மையும் மாணாக்கர் பக்கமே நிறுத்திவிட்டு, பின்னர் அவ்வாசிரியரின் வீட்டுக்கும் அழைத்துச் செல்வதாகும். அங்கே அவர் மனைவி கருவுற்றிருக்கிறாள். அவர் காட்டிய கடுமையெல்லாம் மாணாக்கரிடத்து வைத்த நம்பிக்கையே என்றும் அறிகிறோம். இந்நூலைப் பள்ளிக்கூட நூல்நிலையங்களிலிருந்து அகற்றவேண்டுமெனச் சிலர் முறையிட்டனர். அவர்கள் தலைப்பை மட்டும் வாசித்தார்களோ என்னவோ!

எல்லா நூல்களும் இத்தரத்தன அல்ல. மாண்ட கலைஞர்களின் ஆவிகள் மாணவியரின் உடலிற் புகுந்து பாட்டும் ஓவியமும் ஆக்குவதாகச் சொல்லும் 'இருண்ட கூடம்' (1974) விறுவிறுப்பானதே. ஆனால் அதிலே குற்றஞ்செய்த மனம் இல்லை, ஆகையால் மூடிவைத்ததும் மறந்துவிட்டோம். பழைய நவீனங்கள் சிலவற்றில் கைப்பேசி முதலியவற்றைப் புகுத்தி 2010இல் புதுப்பித்ததும் வேண்டாத வேலை என்பது நமது அபிப்பிராயம்.

இனிச் சொல்லவேண்டியது சொல்லக் கூசும் விஷயம். 1984இல் அம்மையார் எழுதிய 'மூன்றாவது கண்' என்ற நவீனத்தில், காணாமற்போன குழந்தைகளை ஞானதிருஷ்டியால் அறியும் பெண் ஒருத்தி போலீசாருக்கு உதவுகிறாள். 1989ஆம் ஆண்டு ஜூலையில், நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில், அம்மையாரின் 18 வயது மகளைக் காரோட்டிச் செல்கையில் எவரோ சுட்டுக் கொன்றனர். போலீசார் சொன்ன காரணத்தில் அம்மையாருக்கு நிறைவில்லை. கதையில் வந்ததைப் போலவே ஞானதிருஷ்டி உடையோம் என்பாரிடம் சென்று கேட்டார். 1992இல் அதையெல்லாம் ஒரு நூலாகவும் எழுதினார். குறி கேட்பதையும் மை போட்டுப் பார்ப்பதையும் நாம் என்றும் ஆதரித்ததில்லை, இங்கும் ஆதரிக்கவில்லை. ஆயினும் அந்நூலை வாசித்தபோது நகைக்க நமக்கு மனம் வரவில்லை. உண்மையை மறைத்து வாழ்வோரைப் பற்றியே எழுதிவந்த ஒருத்தி, தன் மகள் விஷயத்தில் அம்மறைவின் மறுபுறத்தே நின்று கதவைத் தட்டுகிறாள்.

2021இல் ஒருவன் தானே முன்வந்து அக்கொலையைச் செய்ததாகப் போலீசாரிடம் ஒப்புக்கொண்டான். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அம்மையார் காலமாகியிருந்தார்.